ஹீட்மேப்பை நம்புவதற்கு முன்: மாடலின் தாங்குதிறனையும் விளக்கத்தையும் சேர்த்துச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். படத்தைப் பார்த்து வகை சொல்லும் மாடலைப் பயிற்றுவிப்பார்கள். துல்லியம் 95 சதவீதத்தைத் தொட்டதும் ஹீட்மேப் (விடைக்குக் காரணமான பிக்சல்களை நிறத்தால் காட்டும் படம்) எடுப்பார்கள். அழகாக விழுந்த நாலு படத்தை அறிக்கையில் ஒட்டி, "மாடல் சரியான இடத்தைத்தான் பார்க்கிறது" என்று எழுதிவிடுவார்கள். படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைத்தால் விடை மாறுகிறதா என்று பார்ப்பதில்லை. விடை அப்படியே இருக்க, ஹீட்மேப் மட்டும் வேறு இடத்துக்கு ஓடுகிறதா என்றும் பார்ப்பதில்லை.

இங்கே வரிசை வேறு. முதலில் விடையின் தாங்குதிறன், அப்புறம் விளக்கம், அதற்கும் அப்புறம் விளக்கத்தின் தாங்குதிறன். உள்ளீடு கொஞ்சம் அசைந்தாலும் விடை அசையாமல் இருப்பதைத் தாங்குதிறன் என்கிறேன். இந்த விடைக்கு எந்த பிக்சல் எவ்வளவு காரணம் என்று சொல்லும் எண்களின் தொகுப்பை விளக்கம் என்கிறேன். இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். இரண்டும் ஒரே கிரேடியன்டிலிருந்து, அதாவது ஒவ்வொரு பிக்சலையும் கொஞ்சம் மாற்றினால் மாடலின் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்ற எண்களிலிருந்து, பிறப்பவை.

## 1. தொடங்கும் முன் தேவையானவை

டேட்டா: சிஃபார்-10. 10 வகைகள், 32-க்கு 32 பிக்சல், 50,000 பயிற்சிப் படங்கள், 10,000 டெஸ்ட் படங்கள். இது சின்னதாக இருப்பதுதான் நமக்கு வசதி. பின்னால் செய்யப்போகும் ஒரு பயிற்சி சாதாரணப் பயிற்சியைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு நேரம் பிடிக்கும். பெரிய படங்களோடு தொடங்கியவர்கள் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

மாடல்: ரெஸ்நெட்-18. ஆனால் பைடார்ச்சில் வருவதை அப்படியே எடுக்காதீர்கள். அது 224 பிக்சல் படங்களுக்காகச் செய்தது, உள்ளே போகும் படத்தை 32 மடங்கு சுருக்கும். நம் படமே 32 பிக்சல்தான், ஆகவே கடைசி அடுக்கில் ஒரே ஒரு கட்டம்தான் மிஞ்சும். அந்தக் கடைசி அடுக்கின் கட்டங்களை வைத்து ஹீட்மேப் வரையும் கிராட்-கேம் முறையை எடுத்தால் படம் முழுக்க ஒரே நிறம். இதைப் பார்த்துவிட்டு "மாடல் படம் முழுவதையும் கவனிக்கிறது" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் அடுக்கை 3-க்கு 3 வடிகட்டியாக, ஒரு பிக்சல் நகர்வாக மாற்றுங்கள். அதற்கு அடுத்து படத்தைச் சுருக்கும் மேக்ஸ்பூல் அடுக்கை எடுத்துவிடுங்கள். கடைசியில் 4-க்கு 4 கட்டம் கிடைக்கும்.

சோதனைப் படங்கள்: டெஸ்ட் தொகுப்பிலிருந்து 200 படங்களை ரேண்டமாக எடுத்து, அவற்றின் வரிசை எண்களை இப்போதே ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். ஒரு ஹீட்மேப்பைக்கூடப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், கை தானாகவே அழகான படங்களுக்குப் போகும்.

நார்மலைசேஷன்: சராசரியைக் கழித்து விலக்கத்தால் வகுக்கும் வேலையை டேட்டா லோடரில் வைக்காதீர்கள், மாடலின் முதல் அடுக்காக வையுங்கள். காரணம் 4-ஆம் படியில் வரும். இதைத் தவறவிட்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாமே தவறாகிவிடும்.

## 2. நிரல் எழுதும் முன் ஒரு கைக்கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். பத்து நிமிடம்தான் ஆகும்.

மிக எளிய மாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிக்சலையும் ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது மதிப்பெண். கூட்டல் வந்தால் குதிரை, கழித்தல் வந்தால் கப்பல். ஒரு பிக்சலுக்கு மூன்று நிற எண்கள், ஆகவே ஒரு படத்தில் 32 × 32 × 3 = 3072 எண்கள். இந்தக் கணக்கில் மட்டும் அந்த எண் ஒவ்வொன்றையும் பிக்சல் என்றே சொல்கிறேன். ஒவ்வொரு எடையும் 0.01 அல்லது −0.01 என்று வையுங்கள்.

இந்த மாடலுக்கு விளக்கம் எது? எடைகள்தான். எடை கூட்டலாக இருக்கும் பிக்சல் குதிரைப் பக்கம் இழுக்கிறது, கழித்தலாக இருப்பது கப்பல் பக்கம் இழுக்கிறது. மதிப்பெண்ணின் கிரேடியன்டும் அதே எடைகள்தான்.

இப்போது மாடலை ஏமாற்றுவோம். ஒவ்வொரு பிக்சலையும் 8/255 அளவு, அதாவது ஏறக்குறைய 0.031, அதன் எடைக்கு எதிர்த் திசையில் நகர்த்துங்கள். ஒரு பிக்சலால் மதிப்பெண் 0.00031 குறையும். அது ஒன்றுமே இல்லை. ஆனால் 3072 பிக்சலும் சேர்ந்து இழுத்தால் குறைவது கிட்டத்தட்ட 0.96. மதிப்பெண் 0.7 என்று இருந்த குதிரை கப்பலாகிவிடும். கண்ணுக்குப் படம் அதே குதிரைதான்.

எந்தத் திசையில் நகர்த்தினோம் என்று கவனியுங்கள். விளக்கம் எதைக் காட்டியதோ அதற்கு நேர் எதிர்த் திசையில். விளக்கப் படம்தான் தாக்குதலுக்கு வரைபடம். 2014-இல் குட்ஃபெல்லோவும் உடன் வேலை செய்தவர்களும் காட்டிய எஃப்ஜிஎஸ்எம் தாக்குதல் இதுதான்: மாடலின் பிழை எந்தத் திசையில் கூடும் என்று சொல்லும் கிரேடியன்டின் குறியை மட்டும் எடுத்து, எப்சிலானால் (பிக்சலை அசைக்க அனுமதிக்கும் உச்ச அளவு) பெருக்கி, படத்தோடு கூட்டுவது. பாண்டா படத்தை 99.3 சதவீத நம்பிக்கையோடு கிப்பன் குரங்கு என்று சொல்லவைத்த அந்தப் பெயர்பெற்ற படத்தில் எப்சிலான் 0.007 மட்டுமே.

கணக்கை முடிக்கும் முன் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எளிய மாடலில் படத்தை எப்படி அசைத்தாலும் விளக்கம் மாறாது, எடைகள் எடைகளாகவே இருக்கும். விளக்கம் கல்லு மாதிரி நிற்கிறது, விடையோ ஒரு தட்டுக்கே விழுந்துவிடுகிறது. 8-ஆம் படியில் இது வேண்டும்.

## 3. சாதாரண மாடலைப் பயிற்றுவித்து நிறுத்துங்கள்

வழக்கமான பயிற்சிதான். டெஸ்ட் துல்லியம் 95 சதவீதத்தை ஒட்டி வரும். 90-க்குக் கீழே நின்றால் மேலே போகாதீர்கள், முதல் அடுக்கைச் சரியாக மாற்றினீர்களா என்று பாருங்கள்.

பயிற்சி முடிந்ததும் மாடலை மதிப்பீட்டு நிலைக்கு மாற்றுங்கள். மறந்தால் பேட்ச்-நார்ம் அடுக்குகள் உடன் வரும் படங்களைப் பொறுத்து விடையை மாற்றும். ஒரே படத்துக்குத் தனியாக ஒரு ஹீட்மேப், கூட்டத்தோடு இன்னொன்று என்று வரும். "விளக்கம் நிலையில்லாமல் இருக்கிறதே" என்று என்னிடம் வந்தவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

## 4. விடையைத் தாக்குங்கள்

எஃப்ஜிஎஸ்எம் ஒரே அடி. அதில் தொடங்குங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். ஒரே அடியைத் தாங்கும் மாடல் சிறு சிறு அடிகளாக வரும் தாக்குதலில் விழுந்துவிடலாம். ஆகவே அப்படிச் சிறு அடிகளாகத் தாக்கும் பிஜிடி: எப்சிலான் 8/255, ஒவ்வோர் அடியும் 2/255, மொத்தம் 20 அடிகள், தொடக்கப் புள்ளி ரேண்டம். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டு எல்லைக்குள் படத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூலப் படத்திலிருந்து எப்சிலானைத் தாண்டக் கூடாது. பிக்சல் மதிப்பு 0-க்கும் 1-க்கும் வெளியே போகக் கூடாது.

நார்மலைசேஷனை ஏன் மாடலுக்குள் வைக்கச் சொன்னேன் என்பது இங்கே தெரியும். சிஃபார்-10-இல் பிக்சல் விலக்கம் சுமார் 0.25. லோடரில் அதால் வகுத்துவிட்டு, வகுத்த படத்தின் மேல் 8/255 கூட்டினால், உண்மையான பிக்சலில் நடந்த மாற்றம் 2/255-தான். தாக்குதல் கால் பங்காகிவிட்டது, மாடல் நன்றாகத் தாங்குகிறது போலத் தெரியும். இந்தப் பிழை எந்த எரர் செய்தியும் தராது. வாரக்கணக்கில் அதன் மேல் வேலை செய்து, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்தவர்கள் உண்டு.

சாதாரண மாடலின் துல்லியம் இங்கே பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். வரவில்லை என்றால் மாடல் பலமானது என்று நினைக்காதீர்கள், தாக்குதல் பழுது என்று நினையுங்கள். மூன்று சோதனைகள் செய்து பாருங்கள்:

- எப்சிலானை 0.5 ஆக்குங்கள். அந்த அளவில் எந்தப் படத்தையும் முழுச் சாம்பல் நிறமாக மாற்றிவிடலாம். அதற்கும் மாடல் சரியாகச் சொல்கிறது என்றால் நிரலில் பிழை.
- அடிகளை 20-லிருந்து 100 ஆக்குங்கள். துல்லியம் கூடக் கூடாது.
- வேறொரு மாடலில் செய்த தாக்குதல் படங்களை இந்த மாடலுக்குக் கொடுங்கள். இந்த மாடலின் கிரேடியன்டைப் பார்த்தே செய்த தாக்குதலைவிட அவை அதிகம் வீழ்த்தினால், கிரேடியன்ட் எங்கோ மறைந்திருக்கிறது.

மூன்றாவது மிக முக்கியம். 2018-இல் அதாலி, கார்லினி, வாக்னர் மூவரும் அந்த ஆண்டின் ஐசிஎல்ஆர் மாநாட்டுக்கு ஏற்கப்பட்ட 9 தற்காப்பு முறைகளைச் சோதித்து, 7 முறைகள் கிரேடியன்டை மறைப்பதையே நம்பியிருந்தன என்று காட்டினார்கள். நம் வேலைக்கு இதில் இரட்டை ஆபத்து. கிரேடியன்ட் பழுது என்றால் தாக்குதலும் பொய், அதே கிரேடியன்டில் எடுக்கும் விளக்கமும் பொய். 4-ஆம் படியை முடிக்காமல் 6-ஆம் படிக்குப் போகக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

## 5. தாங்கும் மாடல் ஒன்றைப் பயிற்றுவியுங்கள்

ஒப்பிட ஆள் இல்லாமல் ஒரு ஹீட்மேப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதே அமைப்பில் இரண்டாவது மாடல் ஒன்று, இந்த முறை அட்வர்சேரியல் பயிற்சியோடு. ஒவ்வொரு பேட்ச் படத்தையும் முதலில் பிஜிடியால் 7 அடி தாக்கி, தாக்கிய படத்துக்குச் சரியான லேபிளைக் கற்றுக்கொடுக்க வேண்டும். தாக்க 7 முறை, கற்க ஒரு முறை. எட்டு மடங்கு நேரம் என்றது இதைத்தான்.

துல்லியம் குறையும், பயப்பட வேண்டாம். மாட்ரியும் உடன் வேலை செய்தவர்களும் 2017-இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது, நம்முடையதைவிட அகலமான வலையில் சாதாரணப் படங்களில் 87.3 சதவீதமும், 20 அடி பிஜிடியில் 45.8 சதவீதமும் கிடைத்தன. உங்கள் எண் 90-ஐத் தாண்டி, தாக்குதலிலும் 80 என்று வந்தால் சந்தோஷப்படாமல் 4-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

இன்னொரு தடுமாற்றம்: கடைசி எபோக்கின் (பயிற்சிப் படங்கள் முழுவதையும் ஒரு முறை கடப்பது ஓர் எபோக்) மாடலை எடுத்துக்கொள்வது. அட்வர்சேரியல் பயிற்சியில் கற்றல் வேகத்தைக் குறைத்த சில எபோக்குகளில் டெஸ்ட் தாங்குதிறன் உச்சத்தைத் தொடும். அதன் பிறகு பயிற்சிப் பிழை இறங்கிக்கொண்டே போகும், டெஸ்ட் தாங்குதிறனும் கூடவே சரியும். பயிற்சித் தொகுப்பிலிருந்து 1000 படங்களை ஒதுக்கி, ஒவ்வோர் எபோக்கிலும் அவற்றைத் தாக்கிப் பார்த்து, உச்சத்தில் இருந்த மாடலைச் சேமியுங்கள்.

## 6. விளக்கம் எடுங்கள், எளியதிலிருந்து

பைடார்ச்சுக்கான விளக்க முறைகளின் தொகுப்பான கேப்டம் நூலகத்தைத் திறந்ததும் இருபது முறைகள் வரிசையில் நிற்கும். முதலில் வெறும் கிரேடியன்ட் மட்டும் எடுங்கள். மாடலுக்கும் விளக்கத்துக்கும் இடையே எந்த அலங்காரமும் இல்லாத முறை அதுதான்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. சாஃப்ட்மேக்ஸ் நிகழ்தகவின் கிரேடியன்டை எடுக்காதீர்கள். மாடல் 0.9999 என்று நம்பும் படத்தில் அது ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும், மிஞ்சுவது எண்பிழை. அதற்கு முந்தைய மதிப்பெண்ணின் கிரேடியன்டை எடுங்கள். எந்த வகைக்கான விளக்கம் என்பதையும் நீங்களே உறுதியாகக் கொடுங்கள். "மாடல் எதைச் சொல்கிறதோ அதற்கு" என்று விட்டுவிட்டால், படத்தை அசைத்த பிறகு குதிரைக்கான விளக்கத்தையும் மானுக்கான விளக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நிற அளவுகோலும் அப்படியே. ஒவ்வொரு ஹீட்மேப்பையும் அதனதன் உச்சத்தால் வகுத்துக் காட்டினால், ஒன்றுமே சொல்லாத விளக்கம்கூடப் பளிச்சென்று தெரியும். உச்ச ஒரு சதவீத பிக்சல்களை வெட்டிவிட்டு வரையுங்கள், பக்கத்தில் அளவுகோலின் எண்களையும் போடுங்கள்.

அப்புறம் இன்டெகிரேட்டட் கிரேடியன்ட்ஸ். ஒரு வெற்றுப் படத்திலிருந்து உங்கள் படம் வரை சிறு சிறு படியாக நடந்து, வழியில் கிடைக்கும் கிரேடியன்ட்களின் சராசரியை பிக்சல் மாற்றத்தால் பெருக்கும் முறை. இதில் ஒரு நல்ல வசதி உண்டு: எல்லா பிக்சலின் பங்கையும் கூட்டினால், உங்கள் படத்தின் மதிப்பெண்ணுக்கும் வெற்றுப் படத்தின் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். வரவில்லை என்றால் படிகளை 50-லிருந்து 200 ஆக்குங்கள். வெற்றுப் படம் கறுப்பு என்றால் கறுப்புக் குதிரை விளக்கத்தில் காணாமல் போகும். கறுப்பு பிக்சலின் மாற்றம் பூஜ்யம், எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். கறுப்பு, சராசரி நிறம், மங்கலாக்கிய அதே படம் என்று மூன்றையும் வைத்துப் பாருங்கள்.

இனி இரண்டு மாடலின் கிரேடியன்ட் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பக்கவாட்டில் நிற்கும் ஒரு குதிரைப் படம். சாதாரண மாடலின் விளக்கம் தரையில் ரவையைக் கொட்டியது போல இருக்கும், எங்கே குதிரை, எங்கே புல் என்று பிரிக்க முடியாது. தாங்கும் மாடலின் விளக்கத்தில் கழுத்தின் வளைவு தெரியும், முதுகுக் கோடு தெரியும், நாலு காலில் இரண்டு காலாவது தெரியும். விளக்க முறை ஒன்றே, படம் ஒன்றே, மாற்றியது பயிற்சியை மட்டும்தான். முதல் முறை இதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்படி என்பதை 2-ஆம் படியின் கணக்கே சொல்லிவிடும். எளிய மாடலில் ஒரு படம் முடிவு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மதிப்பெண்ணை எடைகளின் நீளத்தால் வகுத்தால் வருவது. அந்த எண்ணே படமும் எடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கும் அளவு. தூரம் அதிகமானால் ஒற்றுமையும் அதிகம். வலை ஆழமாகும்போது இந்தச் சமன்பாடு கறாராக நிற்காது. 2019-இல் எட்மனும் உடன் வேலை செய்தவர்களும் இதை அளந்து, ஆழமான வலைகளில் உறவு தளர்ந்தாலும் மறைவதில்லை என்று காட்டினார்கள். உங்கள் 200 படங்களுக்கும் இதே எண்ணை, எடைகளின் இடத்தில் கிரேடியன்டை வைத்து (படத்தையும் கிரேடியன்டையும் பிக்சல் பிக்சலாகப் பெருக்கிக் கூட்டி, கிரேடியன்டின் நீளத்தால் வகுத்து), கணக்கிட்டு எழுதி வையுங்கள். "விளக்கம் தெளிவாக இருக்கிறது" என்ற சொல்லுக்குப் பதிலாக அறிக்கையில் அந்த எண் போகட்டும்.

## 7. மாடலைக் கலைத்துப் பாருங்கள்

கடைசி அடுக்கின் எடைகளை அழித்து ரேண்டம் எண்களைப் போடுங்கள். மாடல் இப்போது ஒன்றும் தெரியாதது. விளக்கம் எடுங்கள். படம் முன்பு போலவே வந்தால், அந்த முறை மாடலைப் பார்க்கவே இல்லை, உள்ளீட்டின் ஓரக் கோடுகளை வரைந்து தருகிறது.

2018-இல் அடெபாயோவும் உடன் வேலை செய்தவர்களும் இந்தச் சோதனையை வைத்தபோது வெறும் கிரேடியன்டும் கிராட்-கேமும் தேறின, கிரேடியன்டின் கழித்தல் பகுதிகளை வழியில் வெட்டிவிடும் கைடட் பேக்ப்ராப் முறை தேறவில்லை. பார்க்க அழகாக இருப்பது அதுதான் என்பதால் புதியவர்கள் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். வேண்டாம்.

## 8. விளக்கத்தையே தாக்குங்கள்

இதுவரை விடையைத் தாக்கினோம். இப்போது விடை மாறக் கூடாது, விளக்கம் மட்டும் இடம் மாற வேண்டும். 2017 வாக்கில் கோர்பானி, அபித், சூ மூவரும் இது எவ்வளவு சுலபம் என்று காட்டினார்கள்.

முதலில் எளிய வழி. படத்தோடு 2/255 அளவுக்கு வெறும் ரேண்டம் இரைச்சலைக் கூட்டி, விளக்கத்தைத் திரும்ப எடுங்கள். முன்பு முதல் 100 இடத்தில் இருந்த பிக்சல்களில் எத்தனை இப்போதும் முதல் 100-இல் இருக்கின்றன என்று எண்ணுங்கள். படத்தின் 32 × 32 = 1024 பிக்சலில் கண்ணை மூடி 100 எடுத்தாலே சராசரியாகப் பத்து பொருந்திவிடும், ஆகவே உங்கள் அடிக்கோடு பூஜ்யம் அல்ல, பத்து. இதைக் கணக்கில் சேர்க்காமல் "15 சதவீதம் பொருந்துகிறது" என்று எழுதினால், கிட்டத்தட்ட ஒன்றுமே பொருந்தவில்லை என்பதை மறைத்ததாகும்.

அப்புறம் குறி வைத்த தாக்குதல். அந்த 100 பிக்சல்களின் விளக்க மதிப்பைக் குறைப்பதையே இலக்காக வைத்து பிஜிடி ஓட்டுங்கள், விடை மாறிய படங்களை ஒதுக்குங்கள். இங்கே எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. விளக்கமே கிரேடியன்ட். அதைத் தாக்கக் கிரேடியன்டின் கிரேடியன்ட் வேண்டும். வலையின் அடுக்குகளுக்கு இடையே வரும் ரெலு என்ற செயல்பாடு ஒரு நேர்கோடு, ஒரு மடிப்பு, இன்னொரு நேர்கோடு. மடிப்பைத் தவிர இரண்டாம் கிரேடியன்ட் எங்கும் பூஜ்யம். தாக்குதல் ஓடும், எதுவும் மாறாது. "என் விளக்கம் மிகவும் உறுதியானது" என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். ரெலுவுக்குப் பதில் அதன் வளைந்த வடிவமான சாஃப்ட்பிளஸை வைத்துத் தாக்குதல் படத்தைத் தயார் செய்யுங்கள், அளப்பதை மட்டும் மூல ரெலு மாடலில் செய்யுங்கள். மாற்றிய மாடலின் மதிப்பெண்கள் மூல மாடலின் மதிப்பெண்களை ஒட்டி வருகின்றனவா என்று முதலில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகள் இரண்டு தனிக் கேள்விகளுக்கானவை என்பதை மறக்கக் கூடாது. விடை எவ்வளவு சுலபமாக மாறும் என்பது சரிவைப் பொறுத்தது. விளக்கம் எவ்வளவு சுலபமாக மாறும் என்பது வளைவைப் பொறுத்தது. 2-ஆம் படியின் எளிய மாடலில் சரிவு உண்டு, வளைவு இல்லை. அதனால்தான் அங்கே விளக்கம் அசையவே இல்லை, விடை விழுந்தது. அட்வர்சேரியல் பயிற்சி பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே தணிக்கும், ஆகவே தாங்கும் மாடலில் இரண்டு எண்ணும் நன்றாக வரும். அதற்காக ஒன்றை அளந்துவிட்டு மற்றதை ஊகிக்க வேண்டாம்.

## 9. ரவை கொட்டியது போன்ற படத்தை எப்படிப் படிப்பது

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது இந்தப் படிதான்.

சாதாரண மாடலின் கலங்கலான விளக்கத்தைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் அதைத் துடைக்கப் பார்ப்பார்கள். ஸ்மூத்கிராட் போட்டு, இரைச்சல் கலந்த ஐம்பது பிரதிகளின் சராசரியை எடுத்தால் குதிரை வடிவம் மெல்ல எழும். உடனே நிம்மதி. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி மாறிவிட்டது. "இந்தப் படத்தில் மாடல் எதைப் பயன்படுத்துகிறது" என்று கேட்டீர்கள். "இதைச் சுற்றியுள்ள ஐம்பது படங்களில் பொதுவாக எதைப் பயன்படுத்துகிறது" என்பதற்கு விடை வந்திருக்கிறது.

கலங்கல் விளக்க முறையின் பிழையாக இல்லாமல், மாடலின் உண்மை நிலையாகவே இருக்கலாம். 2019-இல் இல்யாஸும் உடன் வேலை செய்தவர்களும் செய்த சோதனையை எண்ணிப் பாருங்கள். நாய்ப் படத்தைப் பூனை என்று மாடல் சொல்லும் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் மாற்றி, பூனை என்றே லேபிள் போட்டு, அப்படிப்பட்ட படங்களை மட்டும் வைத்துப் புதிய மாடலைப் பயிற்றுவித்தார்கள். மனிதக் கண்ணுக்கு எல்லா லேபிளும் தவறு. ஆனாலும் அந்த மாடல், மாற்றப்படாத அசல் டெஸ்ட் படங்களில் நல்ல துல்லியத்தோடு சரியான விடை சொன்னது. நம் கண்ணுக்கு இரைச்சலாகத் தெரியும் அந்தப் புள்ளிகளில் உண்மையான தகவல் இருக்கிறது, மாடல் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மாடலின் விளக்கம் ரவை போலத் தெரிந்தால், அது நேர்மையான விளக்கம். அதைத் துடைத்து அழகாக்கினால் மருத்துவரோ வங்கி அதிகாரியோ நம்பக் கூடாத மாடலை நம்பிவிடுவார். விளக்கம் புரியவில்லை என்றால் மாற்ற வேண்டியது மாடலை, ஹீட்மேப்பை அல்ல.

## 10. தாங்கும் மாடலும் குறுக்குவழி தேடும்: நீங்களே ஒன்றை வைத்துப் பாருங்கள்

இதற்கு எதிர்ப் பக்கத் தவறும் உண்டு. விளக்கம் தெளிவு, தாங்குதிறன் எண்ணும் நன்று, ஆகவே மாடல் சரி என்று முடிவு கட்டுவது.

பாஸ்கல் விஓசி என்ற படத் தொகுப்பில் குதிரைப் படங்கள் பலவற்றின் ஓரத்தில் படம் எடுத்தவரின் பெயர்க் குறி இருந்தது. அதைப் பார்த்தே குதிரை என்று சொன்ன மாடல் ஒன்றை லபுஷ்கினும் உடன் வேலை செய்தவர்களும் விளக்கப் படங்கள் மூலம் கண்டுபிடித்தார்கள். மார்பு எக்ஸ்-ரேயில் நிமோனியா தேடும் மாடல் நோயோடு எந்த மருத்துவமனையின் படம் என்பதையும் கற்றுக்கொண்டது என்று 2018-இல் ஸெக்கும் உடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். 8/255 அளவு பிக்சல் அசைவைத் தாங்கும் திறன் இவற்றைப் பிடிக்காது. பெயர்க் குறி ஒன்றை அழிக்க 8/255 போதாது. சொல்லப்போனால், அசைக்க முடியாத அந்தக் குறி தாங்கும் மாடலுக்கு மிக வசதியான பிடிமானம்.

செய்து பாருங்கள். பயிற்சித் தொகுப்பின் எல்லாக் குதிரைப் படங்களிலும் மேல் இடது மூலையில் 3-க்கு 3 வெள்ளைக் கட்டம் ஒன்றை வையுங்கள். ரேண்டம் வெட்டலும் இடம்-வலம் திருப்பலும் முடிந்த பிறகு வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் வெட்டலில் கட்டம் பல படங்களில் காணாமல் போகும், திருப்பலில் வலது மூலைக்குப் போகும், சோதனை கெட்டுவிடும். இரண்டு பயிற்சி முறையிலும் மாடலைத் திரும்பப் பயிற்றுவியுங்கள்.

இப்போது மூன்றைப் பாருங்கள். கட்டம் வைத்த குதிரைகளில் பிஜிடி துல்லியம். கட்டம் இல்லாத குதிரைகளில் சாதாரணத் துல்லியம். கட்டம் வைத்த கப்பல் படங்களில் எத்தனை குதிரை ஆகின்றன. முதல் எண் மிக நன்றாக இருக்கும். அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இந்த இடத்தில் கைகொடுப்பது விளக்கம்தான்: மூலையில் பளிச்சென்று ஒரு புள்ளி. விளக்கம் சந்தேகத்தைக் கொடுக்கும். கட்டத்தை மூடியும் ஒட்டியும் பார்ப்பது அதை உறுதிப்படுத்தும். ஹீட்மேப்பைப் பார்த்து எழுந்த எந்தச் சந்தேகத்தையும் இப்படி மூடிப் பார்க்காமல் அறிக்கையில் எழுதாதீர்கள்.

நேரம் இருந்தால் சிஃபார்-10-சி தொகுப்பிலும் ஓட்டுங்கள். மூடுபனி, மங்கல், ஜேபெக் சுருக்கம் என்று 15 வகைச் சேதம், ஒவ்வொன்றிலும் 5 அளவு. பிஜிடியைத் தாங்கும் மாடல் மூடுபனியில் தடுமாறக்கூடும். "தாங்கும்" என்று எழுதும்போதெல்லாம் எதைத் தாங்கும் என்றும் எழுதுங்கள்.

## 11. படம் இல்லை, அட்டவணை டேட்டா என்றால்

வரிசை அதேதான். ஆனால் இங்கே அதிகம் பயன்படும் விளக்க முறைகளான லைமும் ஷாப்பும் வேறு விதமாக உடையும். இரண்டும் ஒரு நபரின் விவரங்களைக் கலைத்துப் போட்டு, மாடலிடம் திரும்பத் திரும்பக் கேட்டு விளக்கம் கட்டுகின்றன. வயது 22, பணி அனுபவம் 30 வருடம் என்பது போல நிஜத்தில் இல்லாத வரிசைகள் அதில் வரும். 2020-இல் ஸ்லாக்கும் உடன் வேலை செய்தவர்களும் இதைப் பயன்படுத்தியே இரண்டையும் ஏமாற்றினார்கள்: நிஜ வரிசை வந்தால் பாகுபாடு காட்டும், கலைத்த வரிசை வந்தால் நல்லபிள்ளையாக நடக்கும் மாடல். விளக்கத்தில் இன அடையாளம் பெரும்பாலும் மேலே வரவில்லை.

ஆகவே விளக்கம் எடுக்கும் முன், கலைத்த வரிசைகளையும் நிஜ வரிசைகளையும் பிரிக்க ஒரு சின்ன மாடலைப் பயிற்றுவியுங்கள். அது சுலபமாகப் பிரித்துவிட்டால், உங்கள் விளக்கம் மாடல் நிஜத்தில் பார்க்காத இடத்தைப் பற்றியது.

## 12. என்னென்ன எழுதி வைக்க வேண்டும்

ஒரு மாடலுக்கு ஒரு வரி: சாதாரணத் துல்லியம், பிஜிடி துல்லியம், விளக்க ஒற்றுமை எண், இரைச்சலில் முதல் 100 பொருத்தம், குறி வைத்த தாக்குதலில் அதே பொருத்தம். கடைசி மூன்றுக்கும் 200 படங்களின் சராசரியோடு மிக மோசமான பத்துப் படங்களின் எண்ணும் வேண்டும். சராசரி நன்றாக இருந்து அந்தப் பத்தில் எல்லாம் சிதறியிருப்பது வழக்கம், பயன்படுத்துகிறவர் கையில் விழுவது அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் மூன்று வேறு ரேண்டம் விதைகளில் (ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) திரும்பச் செய்யுங்கள். ஒரே டேட்டாவில், ஒரே துல்லியத்தில் நிற்கும் இரண்டு மாடல்களின் விளக்கங்கள் தங்களுக்குள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள். தாக்கிய பிறகு கிடைத்த பொருத்தத்தை அந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் அது பெரிதா சின்னதா என்று தெரியும்.

ஒவ்வொரு ஹீட்மேப்போடும் ஆறு விவரங்கள் ஒரே ஃபைலில் இருக்கட்டும்: படத்தின் வரிசை எண், எந்த வகைக்கான விளக்கம், முறையும் வெற்றுப் படமும், எப்சிலான், அடிகளின் எண்ணிக்கை, விதை. என்னிடம் வரும் அறிக்கையில் இந்த ஆறில் ஒன்று இல்லை என்றாலும், அந்த ஹீட்மேப்பை எடுத்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.